குப்பைக்கு இரு பொருள்

கொடுமுடிப் பக்கத்துத் தோட்டங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு விவசாயி இன்னொருவரைப் பார்த்து, "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சுங்களா?" என்று கேட்டால், நகரத்தில் வளர்ந்தவர் சற்றே திகைத்துப்போவார். யாராவது தம் நிலத்தில் தாமே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவார்களா? ஆனால் கொங்கு நாட்டு உழவரின் பேச்சில் குப்பை என்பது எருதான். வேளாண் துறையினர் தம் கையேடுகளில் 'தொழுவுரம்' என்று எழுதுவதை அவர் குப்பை என்பார். குப்பை வண்டி என்றால் எருவண்டி. ஒரு வண்டிக் குப்பைக்கு விலையுண்டு, பேரமுண்டு, கடன்கூட உண்டு.

சொல்லின் வேரும் இதற்கு இடம்கொடுக்கிறது. பழந்தமிழில் குப்பை என்பது குவியல் என்ற பொருளிலேயே வழங்கியது. நெல்லும் உப்பும்கூடக் குப்பையாகக் கிடந்தவைதாம். இழிபொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. உழவு அதிகாரத்தில் உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நன்று என்று சொன்ன வள்ளுவருக்கு, எருக்குவியல் அருவருப்பான ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இன்று அதே சொல்லை நகர மக்கள் சொல்லும்போது, காலையில் தெருமுனைக்கு வரும் வண்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டுவிட்டு மறந்துவிட வேண்டிய ஒன்று என்றே பொருள்படுகிறது. இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையில் கிடக்கும் தூரம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு. சென்னை மாகாணத்து நகராட்சிகள் ஒரு காலத்தில் தாம் வாரிய குப்பையை உழவர்களுக்கு விற்றன. இன்று சமையலறைக் கழிவை மற்றக் குப்பையிலிருந்து பிரித்தெடுப்பதற்கு மாநகராட்சிகள் மத்திய அரசிடமும் மாநில அரசிடமும் நிதி கேட்டு விண்ணப்பிக்கின்றன. விற்பனைப் பொருளாக இருந்தது செலவினமாக எப்போது மாறியது, யார் கையில் மாறியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

*

கொடுமுடியிலிருந்தே தொடங்கலாம். காவிரியின் கரையில் மகுடேசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த பேரூர் இது. கே.பி. சுந்தராம்பாளின் சொந்த ஊர் என்று இசை கேட்பவர்கள் அறிவார்கள். பவானியில் 13ஆம் நூற்றாண்டில் அணைகட்டித் திருப்பப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டைக் கடந்து, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, கொடுமுடிக்கு அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. நெல், மஞ்சள், கரும்பு, வாழை என்று ஆண்டு முழுதும் மண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டேயிருக்கும் பூமி. மஞ்சளும் வாழையும் பெருந்தீனிக்காரப் பயிர்கள். எரு இல்லாமல் அவற்றை வைக்க முடியாது.

ஆகவே இவ்வூர்களின் வீடுகளில் 'கழிவு' என்று ஒன்று இருக்க வழியில்லாமலிருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் தொட்டியில் சேர்ந்து எருமைக்குப் போகும். காய்த்தோலும் கீரைத்தண்டும் ஆட்டுக்கு. அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய மண், மாடு கழித்துப்போட்ட சோளத்தட்டு, சாணம் எல்லாம் கட்டுத்தரைக்குப் பக்கத்து எருக்குழிக்கு. கோடையில் குழியை வெட்டி வண்டியில் ஏற்றினால் காட்டுக்குப் போய்ச்சேரும். பிரித்தல் என்பது இங்கே தனி வேலையன்று. எந்தப் பொருள் எந்த வாய்க்குப் போகவேண்டும் என்பதை அறிந்த பெண்கள் அடுப்படியிலேயே அதைச் செய்து முடித்தார்கள். அவர்களுக்கு யாரும் கூலி தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

1800ஆம் ஆண்டு திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் கம்பெனி அரசால் அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் கொங்கு நாட்டின் வழியே பயணம்செய்து, ஊரூராகப் பயிர், நிலம், எரு, வரி ஆகியவற்றை விசாரித்து எழுதினார். 1887இல் எஃப்.ஏ. நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தார். 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிவந்த வேளாண் வேதியியலாளர் ஜான் வோல்க்கர், இந்திய உழவனுக்கு எருவின் அருமை தெரியாமலில்லை, விறகு கிடைக்காததால்தான் சாணத்தை எரிக்கிறான் என்று 1893இல் வெளியான தம் அறிக்கையில் வாதிட்டார். எருப் பற்றாக்குறை அறியாமையன்று, வறுமை என்ற அவருடைய கூற்று அன்றைய அதிகாரிகள் பலருக்குப் புதிதாக இருந்தது.

கோயம்புத்தூரிலேயே இதற்கு ஒரு நீண்ட சான்று நிற்கிறது. சைதாப்பேட்டையிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த வேளாண் கல்லூரியில் 1909இல் நிரந்தர உரச் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்குத் தொழுவுரம், சிலவற்றுக்கு ரசாயன உரம், சிலவற்றுக்கு ஒன்றுமே இடாமல் தொடர்ந்து பயிர் செய்துவரும் சோதனை அது. நூறாண்டைக் கடந்துவிட்டது. அக்கல்லூரியின் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திவந்த ராபர்ட் மக்காரிசனும் சேர்ந்து, எருவின் தன்மைக்கும் தானியத்தின் சத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1926இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதன் முடிவுகள் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளாயின. ஆனால் எருக்குழியைப் பற்றிய கேள்வியை உலக ஆய்விதழ்களுக்குக் கொண்டுபோனதில் கொங்கு மண்ணுக்குப் பங்குண்டு என்பது நினைவுகூரத்தக்கது.

*

கிராமத்தில் எருக்குழிக்கும் காட்டுக்கும் இடையே வண்டி ஒரு கல் தூரம் போனால் போதும். நகரத்தில் அந்தத் தூரம் நீண்டது. கோயம்புத்தூர் நகராட்சி 1866இல் தோன்றியது. ஈரோடு 1871இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைக் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. இன்றும் அந்நகரில் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் இருப்பது அந்த அச்சத்தின் தழும்பு. எலியும் குப்பையும் சாவும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட காலம் அது. குப்பை என்ற சொல்லில் அச்சம் கலந்தது இங்கேதான் எனலாம். நகராட்சித் தலைவர் பதவி சாக்கடையையும் குடிநீரையும் பற்றிய பதவியாக இருந்தது. சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் பெரியாரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அப்பதவியில் இருந்தார்கள்.

இக்காலத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1915இல் கோயம்புத்தூர் உட்பட மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நோய்க்கு அஞ்சி நெருக்கமான தெருக்களை இடித்துத் தள்ளுவதை அவர் விரும்பவில்லை. பின்னர் இந்தூர் சமஸ்தானம் அவரை அழைத்தது. அங்கே அவர் 1918இல் அளித்த அறிக்கையின் சாரம், நகரத்தின் கழிவு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பது. பெருஞ்செலவில் கழிவுநீரை ஆற்றில் கொண்டுபோய்விடும் திட்டத்தை அவர் எதிர்த்தார். அறிக்கையோடு நில்லாமல் தீபாவளியன்று இந்தூரில் ஓர் ஊர்வலமும் நடத்தினார். அழுக்கு அரக்கனும் கொள்ளைநோய் எலியும் பொம்மைகளாக வர, பூமாலை சூட்டப்பட்ட குப்பை வண்டிகளோடு துப்புரவுத் தொழிலாளர்கள் மரியாதையுடன் நடந்தார்கள். நகரத்தைத் தூய்மையாக்கும் செலவில் முதற்பங்கு அந்த வேலையின் மீதான மதிப்புக்குப் போகவேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அதே இந்தூருக்கு 1924இல் ஆல்பர்ட் ஹோவர்ட் வந்தார். யஷ்வந்த் வாட் என்ற உதவியாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறை 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பெயர்பெற்றது. இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் மட்கு கிடைக்கும். 1931இல் இருவரும் எழுதிய நூல் வெளிவந்தது. ஹோவர்ட் தம் ஆசிரியர்களாகச் சுட்டியது இந்திய உழவர்களையும் சீனத்து உழவர்களையும். காந்தி 1935இல் தம் 'ஹரிஜன்' இதழில் இம்முறையை வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார்.

ஹோவர்ட் பண்ணையைப் பார்த்தார் என்றால், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சி.என். ஆச்சார்யா நகரத்தைப் பார்த்தார். 1939இல் அவர் வகுத்த 'பெங்களூர் முறை' புரட்டவேண்டிய அவசியமில்லாதது. நீண்ட அகழிகளில் தெருக்குப்பையையும் மலத்தையும் மாறிமாறி அடுக்கி, மண்ணால் மூடிவிட்டால் நான்கைந்து மாதங்களில் எரு ஆயத்தம். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றதும், 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கத்தின் கீழ் நகராட்சிகளை மட்கு தயாரிக்கச் செய்யும் திட்டங்கள் பிறந்தன. 1947 டிசம்பரில், பிரிவினையின் நெருப்பு அணையாத டில்லியில், மீராபென்னின் முயற்சியால் அகில இந்திய மட்கு மாநாடு ஒன்று ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நடந்தது. காந்தி அதைப் பற்றித் தம் இதழில் எழுதினார். அவருடைய வாழ்வில் அப்போது எஞ்சியிருந்தவை சில வாரங்கள்தாம்.

*

இவ்விடத்தில் ஒரு பொற்காலத்தைக் கற்பனை செய்துகொள்ளும் ஆசை எழுவது இயல்பு. நகரம் எருவைக் கொடுத்தது, கிராமம் தானியத்தைக் கொடுத்தது, இடையில் வந்த நவீனம் கெடுத்தது என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த அகழியில் குப்பையையும் மலத்தையும் அடுக்கிய கைகள் யாருடையவை?

கொங்கு நாட்டின் நகரங்களில் அவை பெரும்பாலும் அருந்ததியருடையவை. உலர் கழிப்பிடங்களிலிருந்து மலத்தைத் தகரக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் அவர்கள். பெங்களூர் முறை அறிவியலின்படி நேர்த்தியானது. ஆனால் அதன் மூலப்பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது சாதி. நகராட்சி கணக்குப் புத்தகத்தில் எரு விற்ற வரவு லாபமாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்த உழைப்புக்குத் தரப்பட்டது கூலி என்று சொல்லத்தக்கதாக இல்லாமையே. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாதென்று 2013இல் இன்னொன்று இயற்றவேண்டியிருந்தது. ஆகவே பழைய ஏற்பாடு குலைந்ததற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. குலைந்தபின் அதனிடத்தில் என்ன வைக்கப்பட்டது என்பதையே கேட்கவேண்டும்.

*

முதலில் சந்தை போயிற்று. 1951இல் சிந்திரி உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அறுபதுகளில் உயர்விளைச்சல் ரகங்கள் வந்தன. 1977இல் உரத்துக்கு மானிய முறை ஏற்பட்டது. கணக்கு எளியது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நகர மட்கில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதே அளவு பெற 2,300 கிலோ மட்கு வேண்டும். மிதிவண்டியின் பின்னால் கட்டிவரும் மூட்டைக்கும் இரண்டு வண்டிச் சுமைக்கும் என்ன போட்டி! மட்கு மண்ணுக்குத் தரும் ஈரப்பிடிப்பும் உயிரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. மானியமும் அவற்றுக்கு இல்லை.

அடுத்து இயந்திரம் வந்தது. 1970களின் நடுவில் மத்திய அரசு பெருநகரங்களில் இயந்திர மட்கு ஆலைகளை நிறுவ நிதி அளித்தது. 1975க்கும் 1980க்கும் இடையில் பெங்களூர், பரோடா, பம்பாய், கல்கத்தா, டில்லி, ஜெய்ப்பூர், கான்பூர் முதலிய நகரங்களில் நாளொன்றுக்கு 150 முதல் 300 டன் வரை கொள்ளும் ஆலைகள் எழுந்தன. கலந்து வந்த குப்பையை இயந்திரம் பிரித்துத் தரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை அவை. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. மண்ணும் கல்லும் இயந்திரத்தைத் தேய்த்தன. வெளிவந்த மட்கில் கண்ணாடித் தூள் மின்னியது. காலில் செருப்பில்லாமல் வயலில் இறங்கும் உழவர் அதை ஏன் வாங்குவார்?

மூன்றாவதாகப் பிளாஸ்டிக். எண்பதுகளுக்குப் பின் மளிகைக் கடையின் காகிதப் பொட்டலமும் வாழைநாரும் மறைந்து பாலித்தீன் பை வந்தபோது, எஞ்சிய சோறும் காய்த்தோலும் அதற்குள் முடிச்சிடப்பட்டு வெளியே எறியப்பட்டன. இந்திய நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி இப்படி மட்கக்கூடிய பொருள்தான். ஆனால் பையின் முடிச்சுக்குள் காற்றின்றி அழுகும்போது அது எருவாவதில்லை. போபாலின் இந்திய மண் அறிவியல் நிறுவனத்தார் 29 நகரங்களின் மட்கைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, கலந்த குப்பையிலிருந்து செய்த மட்கில் கன உலோகங்கள் கூடுதலாகவும் கரிமச்சத்துக் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. வீட்டிலேயே பிரித்து வாங்கிச் செய்த மட்கு அவ்வாறில்லை. அழுகியபின் பிரிப்பதும் அழுகுமுன் பிரிப்பதும் ஒன்றல்ல என்ற, நம் பாட்டிகள் அறிந்த செய்திதான் அது.

*

1994இல் சூரத்தில் கொள்ளைநோய் பரவியது நாட்டையே உலுக்கியது. 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அமைத்த பர்மன் குழு 1999இல் அறிக்கை தந்தது. 2000ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2003 முடிவதற்குள் எல்லா நகரங்களும் கழிவைப் பதப்படுத்தும் வசதியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அவை கெடு விதித்தன. கெடு கடந்தது, வசதிகள் வரவில்லை. நகராட்சிகள் சொன்ன காரணம் பணம்.

ஆகவே பணம் வந்தது. 2005 முதல் 2010 வரையிலான காலத்துக்குப் பன்னிரண்டாவது நிதிக்குழு நாட்டின் நகராட்சிகளுக்கு 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்து, அதில் பாதியையேனும் திடக்கழிவுக்கு ஒதுக்கவேண்டும் என்றது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. கோயம்புத்தூரின் ஒருங்கிணைந்த திடக்கழிவுத் திட்டத்துக்கு ஏறத்தாழ 96 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, எஞ்சியது மாநகராட்சி என்பது பங்கீடு. குப்பை மாற்று நிலையங்கள், வண்டிகள், வெள்ளலூரில் மட்கு ஆலை, நிலத்தில் புதைக்கும் குழி என்பவை திட்டத்தின் உறுப்புகள்.

வெள்ளலூர் வரலாற்று வாசகர்களுக்குப் புதிய பெயரன்று. 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்த ஊர் அது. சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து கொங்கு வழியாகக் காவிரிக்குப் போன வணிகப் பாதையின் அடையாளம் அது என்பர். அந்த ஊரின் மண்ணில் இப்போது ஒரு மாநகரின் எச்சம் மலையாகக் குவிந்தது. 2011இல் கோயம்புத்தூர் மாநகராட்சியின் பரப்பு 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் குப்பை என்ற நிலை வந்தது. கலந்த குப்பையே தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், ஆலையால் தின்ன முடியாதது வெளியே தேங்கியது. சுற்றுப்புற மக்கள் வழக்குத் தொடுத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்டது. 2024 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அழுகும் உணவிலிருந்து கிளம்பும் மீத்தேனும், அதனோடு கிடக்கும் பிளாஸ்டிக்கும், கோடை வெயிலும் சேர்ந்தால் நடப்பது அது. எருக்குழியில் சாம்பல் சேர்த்த நாடு, எருவாக வேண்டியதைச் சாம்பலாக்கிக்கொண்டது.

இதற்கிடையே திசை சற்று மாறவும் செய்தது. 2016இல் வந்த விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. நகர மட்குக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவியும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. தமிழக நகரங்களில் ஒரே பெரிய ஆலைக்குப் பதிலாக வார்டுதோறும் சிறிய நுண் உரக் கூடங்கள் கட்டப்பட்டன. பேரூராட்சிகளில் 'வளம் மீட்புப் பூங்கா' என்ற பெயர்ப்பலகைகள் தோன்றின. வீட்டு வாசலில் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று கேட்கும் குரலைத் தமிழர்கள் அனைவரும் இன்று அறிவார்கள். கூடங்கள் எழுந்த சில இடங்களில், துர்நாற்றம் வரும் என்று தெருக்காரர்கள் எதிர்த்ததும் உண்டு. தம் வீட்டுச் சோறு தம் தெருவில் மட்கக்கூடாது, வெள்ளலூரில் மட்கலாம் என்பது அவ்வெதிர்ப்பின் பொருள்.

*

இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் தென்படும் ஓர் ஒழுங்கு உண்டு. 1940களின் அகழியாகட்டும், 1970களின் இயந்திரமாகட்டும், 2007இன் ஆலையாகட்டும், நிதி எப்போதும் பாதையின் கடைசி முனைக்கே போயிருக்கிறது. வண்டி வாங்கலாம், கட்டடம் கட்டலாம், ஒப்பந்தப்புள்ளி கோரலாம், திறப்பு விழா நடத்தலாம். அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையே உள்ள பத்தடித் தூரத்தில் நடக்கவேண்டிய வேலைக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆனால் அந்தப் பத்தடியில் நடக்காத பிரிப்பு, அதன்பின் எத்தனை கோடியிலும் நடப்பதில்லை.

நடக்காத அந்த வேலை காற்றில் மறைந்துவிடுவதுமில்லை. வீட்டார் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர் பிரிக்கிறார். முடிச்சிட்ட பையை அவிழ்த்து, புளித்த சோற்றுக்குள் கையைவிட்டு, அணையாடையையும் உடைந்த குப்பியையும் ஊசியையும் வெறுங்கையால் எடுத்து வெளியே வைக்கிறார். கூடை போயிற்று, தள்ளுவண்டியும் மின்கல வண்டியும் வந்தன. கை மாறவில்லை, பெரும்பாலும் சாதியும் மாறவில்லை. பெங்களூர் முறையின் காலத்தில் கணக்கில் வராத உழைப்பு எதுவோ, அதுவே இன்றைய திட்ட அறிக்கையிலும் கணக்கில் வராத உழைப்பு. பிரிக்காத ஒவ்வொரு வீடும் அவர்களுக்குத் தன் வேலையைத் தள்ளிவிடுகிறது என்பதை நாம் மனசாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறுவிதமாகவும் நடக்கும் என்பதற்குச் சான்று, கெடிஸும் ஹோவர்டும் வாழ்ந்த அதே இந்தூர்தான். அந்நகரம் முதலில் ஆலையைக் கட்டவில்லை. 2016ஐ ஒட்டி வீடுவீடாக, தடுப்பறைகள் கொண்ட வண்டிகளை அனுப்பி, பிரித்துத் தராத குப்பையைத் திருப்பிக்கொடுக்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியது. அதன்பிறகே, 2022 பிப்ரவரியில், நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. வரும் கழிவு ஏறக்குறையத் தூய உணவுக் கழிவாகவே இருப்பதால், ஆலையை நடத்தும் நிறுவனம் மாநகராட்சிக்கு ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாய் தர உடன்பட்டது. நகரம் குப்பையை விற்ற காலம் அங்கே வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இம்முறை தலைச்சுமைக் கூடை இல்லாமல்.

எருவுக்குத் தேவை இல்லாமற்போய்விட்டதா என்றால் அதுவுமில்லை. கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன், சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்னும் ஐந்தோடு கரும்புச் சாறும் இளநீரும் கனிந்த வாழைப்பழமும் சேர்த்து ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கும் 'பஞ்சகவ்யம்' முறையை வகுத்து, தமிழக இயற்கை உழவர்களிடையே பரப்பினார். வேளாண் பல்கலைக்கழகமும் அதை எடுத்து ஆராய்ந்தது. மண்ணுக்கு உயிருள்ள உணவு வேண்டும் என்ற தேடல் அதே காவிரிக்கரையில் இன்றும் தணியவில்லை. ஆனால் அத்தேடல் கொண்ட உழவரிடம் நகர மட்கு மூட்டையை நீட்டினால், அவர் முதலில் கையைவிட்டுப் பார்ப்பது கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்பதையே. நம்பிக்கை போய்விட்டது. மானியத்தால் விலையைக் குறைக்கலாம், நம்பிக்கையை வாங்க முடியாது.

காலிங்கராயன் வாய்க்காலின் கரையில் நின்று பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரு காலத்தில் ஈரோட்டின் கழிவு எருவாகி வண்டியேறி இப்பகுதி வயல்களுக்குப் போனது. பின்னர் சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவுகளோடும் நகரச் சாக்கடையோடும் கலந்து வாய்க்கால் வழியாகவே வந்தது. கழிவைப் பாசன நீரிலிருந்து விலக்கிவைக்க, வாய்க்காலின் ஒரு பகுதியில் அதற்கு இணையாக 'பேபி வாய்க்கால்' என்றொரு தனிக் கால்வாய் கட்டவேண்டியிருந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நீரைக் கொண்டுவர வெட்டிய வாய்க்காலுக்குப் பக்கத்தில், நம் காலம் அழுக்கைக் கொண்டுபோக ஒன்றை வெட்டியது.

இனி வரப்போகும் நிதி விண்ணப்பங்களில் நாம் பார்க்கவேண்டிய வரி ஒன்றுண்டு. இத்தனை வண்டி, இத்தனை கொட்டகை என்ற பட்டியலுக்கு நடுவில், வாசலில் நின்று இரண்டு வாளிகளையும் திறந்து பார்த்து, கலந்திருந்தால் வாங்க மறுக்கும் அதிகாரம் அந்தப் பணியாளருக்குத் தரப்பட்டிருக்கிறதா? அப்படி மறுத்ததற்காக வீட்டார் மிரட்டினால் மாநகராட்சி அவர் பக்கம் நிற்குமா? அவருடைய நேரத்துக்கும் கையுறைக்கும் ஊதியத்துக்கும் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? அந்த வரி காலியாக இருந்தால், மேலே எழுதப்பட்ட கோடிகள் இன்னொரு வெள்ளலூருக்கான முன்பணம் என்றே கொள்ளவேண்டும்.